உயிர்வாக்கு

தேரிக்குடியில் காலையில் முகம் கழுவியதும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துக்கொள்வார்கள். ஈரம் காய்ந்ததும் கேமரா முன்னால் உட்கார்ந்து, தலையை ஆட்டாமல், பேசாமல் சற்று நேரம் இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பூமியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் பல் தேய்ப்பதைப் போல அது பழகிப் போயிருந்தது.

அன்றைக்கு எல்லாரும் நல்ல சட்டையில் இருந்தார்கள். வாக்கு நாள். கேமராக் கூடத்துக்கு வெளியே வரிசை உணவுக்கூடம் வரைக்கும் நீண்டிருந்தது.

செவ்வாயின் சிவப்பு மணலைப் பார்த்ததும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முதன்முதலில் வந்து இறங்கியவர்கள் தங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளை நினைத்து ஊருக்குத் தேரிக்குடி என்று பெயர் வைத்தார்கள். அமலி அங்கேயே பிறந்தவள். ஊரிலிருந்து பூமிக்குப் போகும் காணொளிகளைச் சுருக்கிக் குறியாக்கம் செய்து அனுப்பும் கூடம் அவள் பொறுப்பில் இருந்தது.

பூமியில் யாரும் காணொளியை நம்புவதில்லை. எவருடைய முகத்தையும் குரலையும் கணினி நினைத்த மாத்திரத்தில் செய்துவிடும் காலம் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதனால் சட்டம் ஒன்றை மட்டுமே சாட்சியாக எடுத்துக்கொண்டது: நாடி. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தோலின் நிறம் மயிரிழை அளவு ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. கருவிக்குத் தெரியும். அந்த ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் வேறு. அதைப் போலியாகச் செய்ய யாராலும் முடிந்ததில்லை. நாடி தெரிந்தால் உயிர்வாக்கு. தெரியாவிட்டால் பொம்மை வாக்கு, குப்பைக்குப் போய்விடும்.

போன முறை மருத்துவக் கப்பல் கேட்டு வாக்களித்தபோது ஊரில் மூன்றில் ஒரு பங்கு பேரின் முகங்கள் பொம்மை என்று தள்ளப்பட்டன. கப்பல் வரவில்லை. ஒழுங்காக அசையாமல் உட்காராததுதான் காரணம் என்று பூமியிலிருந்து அறிவுரை மட்டும் வந்தது.

இந்த முறை கேள்வி பெரியது. தேரிக்குடியை மூடிவிட்டு எல்லாரையும் பூமிக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று பூமியில் இருக்கும் கோள்மன்றம் கேட்டிருந்தது. கேள்வி வந்த பிறகு பதிவான முகம்தான் செல்லுபடியாகும். மாலையில் பூமிக்கும் செவ்வாய்க்கும் குறுக்கே சூரியன் வந்துவிடும். பிறகு பல வாரங்களுக்குத் தொடர்பு இருக்காது. வாக்கு வராத ஊருக்காக மன்றமே முடிவு செய்துகொள்ளும்.

குடித்தலைவி ரஞ்சிதம் தன் முகத்தைப் பதிந்துவிட்டு நேராக அமலியிடம் வந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாம் போயிருமா அமலி?"

"போறது பிரச்சினை இல்லக்கா. உயிரோட போகணும்லா."

சுருக்காமல் அனுப்ப அலைவரிசை போதாது. மையச் செயலியில் சுருக்கினால் முகம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் பாதி ஊரின் முகங்கள்கூட மாலைக்குள் முடியாது. பூமியிலிருந்து வந்திருந்த புதிய விரைவுச் சில்லு மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். போன முறை வேலை செய்ததும் அதே சில்லுதான்.

"அதையே போடு," என்றார் தஸ்நேவிஸ். நிலத்தடிப் பனி தேடித் துளைக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கணினிகளுக்கு மின்சாரம் பங்கிடுவதும் அவர் கையில் இருந்தது. "இந்தத் தடவை எல்லாரையும் ஆடாம அசையாம உக்கார வச்சிருக்கோம்லா. பெறகென்ன?"

"ஒரு நிமிசம் இங்க உக்காருங்கண்ணே."

அமலி அவரைப் பதிந்தாள். பிறகு தானும் உட்கார்ந்து பதிந்துகொண்டாள். இரண்டையும் சில்லில் சுருக்கி நாடிக் கணிப்பானில் போட்டாள். தஸ்நேவிஸின் முகத்துக்கு அடியில் கோடு அலையலையாக ஓடியது. அவளுடைய முகத்துக்கு அடியில் கோடு தரையைப் போலக் கிடந்தது.

"நீ அசைஞ்சிருப்ப."

"அசையல. நான் செத்துட்டேன், அவ்வளவுதான்," என்று சிரித்த அமலி, அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தாள். தஸ்நேவிஸ் மாநிறத்துக்கும் சற்று வெளுப்பு. தான் கறுப்பு. ரஞ்சிதம் தன்னைவிடக் கறுப்பு.

"அக்கா, போன தடவை ஒங்க வாக்கைத் தள்ளிட்டாங்களா?"

"ஊர்த் தலைவி வாக்கே செல்லலைன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றாள் ரஞ்சிதம் மெதுவாக.

அமலி தள்ளப்பட்ட முகங்களைத் திரையில் வரிசையாக வரவழைத்தாள். அனைத்தும் கறுத்த முகங்கள். வேகமாகச் சுருக்குவதற்காகச் சில்லு இருட்டான நிறங்களில்தான் முதலில் கை வைத்திருந்தது. கறுப்புக்குள் இருக்கும் நூறு கறுப்புகளை ஒரே கறுப்பாக மெழுகிவிட்டு, கண்ணுக்குத் தெரியாதது தேவையில்லாதது என்று முடிவு கட்டியிருந்தது. அந்த மெழுகலில்தான் நாடி போயிருந்தது.

"அப்ப நம்ம ஆளுக ஒழுங்காத்தான் உக்காந்திருந்தாங்க," என்றாள் ரஞ்சிதம். அவளுக்குக் கோபம் ஏறியது.

அமலி தஸ்நேவிஸை நோக்கித் திரும்பினாள். "அண்ணே, கறும்பாறைக்குள்ள பனி இருக்கான்னு எதை வச்சுப் பாக்கீங்க?"

"பழைய கிராபிக்ஸ் கார்டுகதான். பாறைல ஒரு கறுப்புக்கும் அடுத்த கறுப்புக்கும் வித்தியாசம் பாக்கணும்லா, அதுக்குன்னே..." அவர் பாதியில் நிறுத்தினார். "ஏ, வேண்டாம். அதுகளைக் கழட்டுனா துளைப்பு நிக்கும். சூடேறி ஒண்ணு எரிஞ்சா வேற வாங்க வழி இல்ல. தண்ணிக்கு என்ன செய்வ?"

"ஊரே இல்லைனா தண்ணி யாருக்குண்ணே?"

தட்டையாகக் கிடந்த அமலியின் கோட்டைத் தஸ்நேவிஸ் பார்த்தார். பிறகு துளைப்பு நிலையத்தை அழைத்து எந்திரங்களை நிறுத்தச் சொன்னார். கார்டுகளைக் கழற்ற அவரே போனார்.

கார்டுகள் சில்லைவிட மெதுவானவை, செயலியைவிட வேகமானவை. நிறத்தை நான்கு மடங்கு நுணுக்கமான படிகளாகப் பிரித்து வைப்பவை. ஆனால் முழுப் படத்தையும் அவற்றிடம் கொடுத்தால் நேரம் போதாது என்று அமலி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதனால் ஒவ்வொரு படத்தையும் பிரித்தாள். பின்னாலிருக்கும் சுவரையும் சட்டையையும் சில்லிடம் விட்டாள். அங்கே எதை மெழுகினாலும் யாருக்கும் நட்டமில்லை. முகத்தை மட்டும் கார்டுகளுக்குக் கொடுத்தாள். இரண்டையும் தைத்துச் சரிபார்க்கும் வேலை மையச் செயலிக்கு.

முதலில் ரஞ்சிதத்தின் முகம். கோடு சிறிது நேரம் தட்டையாகவே ஓடியது. பிறகு ஒரு மேடு எழுந்தது. இன்னொன்று. அடுத்தது. அலை நிதானமாக, ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது.

"ஏ தாயி," என்று ரஞ்சிதம் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இது நான்தானா?"

"நீங்கதான்க்கா. ஒங்க இதயம்தான்."

கார்டுகள் கொதித்தன. தஸ்நேவிஸ் துளைப்புக் கருவியின் குளிர்க்குழாயை இழுத்து வந்து அவற்றின் மேல் சுற்றினார். வரிசையில் நின்றவர்களுக்குச் செய்தி எட்டியதும், பதிந்து முடித்த எவரும் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்தின் கண்ணாடிச் சாளரத்துக்கு அந்தப் பக்கம் நடைவழியில் நின்று, தங்கள் முகத்துக்கு அடியில் அலை எழும்போது கூச்சலிட்டார்கள். பொழுது சாயும் முன் கடைசி முகமும் போயிற்று.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஊர் சாப்பிடவில்லை. தொடர்பு இரைச்சலாகத் தொடங்கிய கட்டத்தில் மன்றத்தின் குரல் வந்தது. தேரிக்குடி வாக்குகள் அனைத்தும் ஏற்கப்பட்டன. ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை. குடியிருப்பு தொடரும்.

கூரை அதிரும்படி சத்தம் எழுந்தது. தஸ்நேவிஸ் அமலியின் தலையில் கை வைத்து ஆட்டினார். சூரியன் குறுக்கே வந்து பூமியின் குரலை விழுங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கார்டுகள் துளைப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பள்ளத்தாக்கின் மறுகரையில் இருந்த கென்யாக்காரர்களின் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. வன்ஜிரு என்ற பெண். மொழிபெயர்ப்பான் அவள் பேச்சைத் தமிழாக்கியது.

"உங்கள் வாக்குகள் எல்லாம் ஏற்கப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் ஊரில் பாதிப் பேரை உயிரில்லை என்று தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். என் கணவரையும். அசையாமல் உட்காரச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது."

அமலி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் உக்காந்திருப்பாரு. பாறை பாக்குற பழைய கார்டு ஒங்ககிட்ட இருக்கா? இல்லைன்னாலும் பரவால்ல. எங்ககிட்ட இருக்குறதுல ரெண்டு எடுத்துட்டு நானே கிளம்பி வாரேன்."

தஸ்நேவிஸ் கையிலிருந்த கார்டுகளில் இரண்டைத் துணியில் சுற்றத் தொடங்கியிருந்தார்.