ஒட்டுத் தெரியக் கூடாது

மஞ்சள் கேன் தூக்கிய ஆள் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தான்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போனில் நகரம் கட்டுகிற விளையாட்டில் முழு ஊரையும் ஒரே திரையில் பிடிக்க முடியாது. விரலால் ஊரைத் தள்ளித் தள்ளித் துண்டு துண்டாகப் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு துண்டைப் பிடித்து அடுத்ததைப் பிடிப்பதற்குள் ஊருக்குள் திரிகிற குட்டி மனிதர்கள் கொஞ்சம் நடந்திருப்பார்கள். ஒட்டிப் பார்த்தால் ஒரே ஆள் இரண்டு தெருவில் நிற்பான். ஒட்டின் மேலேயே மாட்டிக்கொண்டவன் பாதி உடம்போடு நிற்பான். காலையிலிருந்து நெகேசா அப்படிப் பல பேரை அழித்துவிட்டாள். பக்கத்துப் புல்லில் கொஞ்சம் எடுத்து மேலே பூசினால் ஆள் போய்விடுவான்.

ஆனால் இந்த விளையாட்டில் யாரும் தண்ணீர் சுமப்பதில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சைக்கிள் விடுவார்கள், கையில் பையோடு கடைக்குப் போவார்கள். தண்ணீர் வராத வீடே அந்த ஊரில் இல்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். கேனின் கைப்பிடியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

வெளியே மழைக்காலத்து மழை. பிற்பகல் நேரம்தான், ஆனாலும் ரிவர் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்து இருட்டிப்போயிருந்தது. தெருவுக்குக் கீழே நாலு படி இறங்கினால் வருகிற கடை அது. ஜன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் நடக்கிறவர்களின் கால்களும் சேறும்தான். உள்ளே மை வாசனை, ஈரச் சுவரின் வாசனை, மூலையில் மிஷின் ஓட்டுகிற ஓடெரா சாப்பிட்டு வைத்த பீன்ஸ் கிண்ணத்தின் வாசனை. பேனர் அடிக்கிற மிஷின் சும்மா இருக்கும்போதுகூட மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் போன் மனை விற்கிற முகாம்பியுடையது. காலையில் அதை மேசையில் வைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மடக்கிய கறுப்புக் குடை.

"தங்கச்சி, ரெண்டு வருசமா என் கையாலேயே கட்டின ஊரு இது. இன்ஜினியர் வெச்சு வரைஞ்சா என்ன கேப்பான் தெரியுமா? என் கோட்டையே உருவிட்டுப் போயிருவான். இதையே பெருசா அடிச்சு, மேல 'அமானி நகர்'னு போட்டுக் குடு. நாளைக்கு சைட்ல பூசை மாதிரி பிரார்த்தனை இருக்கு. ஜனம் வந்து பாக்கணும், அங்கேயே அட்வான்ஸ் கட்டணும்."

"இது கேம்னு தெரிஞ்சிராதா பாஸ்?"

"அதுக்குத்தான் உன்கிட்ட குடுக்கறேன். பட்டனெல்லாம் எடுத்துரு. காசுக் கணக்கை எடுத்துரு. வீட்டு மேல அங்கங்க அழுகிற மூஞ்சி வரும் பாரு, புகார் மூஞ்சி, அது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஆளுங்களையும் எடுத்துரு. வாங்க வர்றவன் அதுக்குள்ள தன்னை வெச்சுப் பாக்கணும். முக்கியமா, ஒட்டுத் தெரியக் கூடாது."

மேட்டின் மேல் சிவப்புக் கூரை போட்ட பெரிய வீட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இது மட்டும் என்னோடது. பளிச்சுன்னு இருக்கட்டும்."

அவருக்கு நெகேசாவை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. குடையைப் பார்த்ததுமே தெரிந்தது.

போன வருசம் இதே மழைக்காலத்தில் அந்தக் குடை புல்டோசருக்குப் பக்கத்தில் நின்றது. ஆற்றோரத்துத் தகர வீடுகளைத் தள்ள வந்த நாள் அது. அவள் தம்பி சிமியு ராத்திரிக் காவல் வேலை முடித்து வந்து, நீலக் கதவைச் சாத்திக்கொண்டு, தலைவரை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து கத்தியபோது டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். குடைக்குக் கீழே இருந்தவர் கையை ஆட்டினார்.

"உள்ள யாரும் இல்ல. தள்ளு."

கதவுக்கு வெளியே சிமியுவின் மஞ்சள் கேன் இருந்தது. குழாயடியில் மாறிப்போகாமல் இருக்கக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருப்பான். தகரங்களை விலக்கியபோது முதலில் கிடைத்ததும் அந்தக் கேன்தான், பிறகுதான் அவன் உடல். முகாம்பிமேல் ஒரு வழக்குகூட இல்லை.

அந்த மண்ணில்தான் அமானி நகர். ஒரு வருசமாக அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்று. முகாம்பியும் அப்படி உள்ளே கிடந்து, வெளியே நிற்கிறவர்களைக் கூப்பிட வேண்டும்.

புல்லை எடுத்துக் கேன் தூக்கிய ஆளின் மேல் பூசினாள். போய்விட்டான். அடுத்த துண்டிலும் இருந்தான், பூசினாள். ஆற்றங்கரையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பாலத்தில். எல்லா இடத்திலும் ஒரே ஆள், ஒரே கேன். எல்லாவற்றையும் பூசி முடித்துச் சேமித்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துவிட்டு வந்து திறந்தாள்.

எல்லோரும் திரும்ப இருந்தார்கள். முன்பு நின்ற இடத்தில் இல்லை. பாலத்தில் நின்றவன் பாலத்தைத் தாண்டியிருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்றவன் முன்பக்கம் வந்திருந்தான். ஒரு துண்டு விடாமல் எல்லோரும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். மேட்டை நோக்கி.

ஓடெரா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏ நெகேசா, என்ன இது, ஒரே ஆளை ஊர் பூரா நட்டு வெச்சிருக்க! பாவம்மா அவன், ராத்திரிக்கு எத்தனை கால் வலிக்கும் அவனுக்கு?"

"உங்களுக்கும் தெரியுதாண்ணே?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? அழி சீக்கிரம். முகாம்பி வந்தா என்னையும் சேத்துல்ல அழிச்சிருவான்."

அவன் மிஷினுக்குத் துணி ஏற்றப் போனான். நெகேசா கையை விசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆற்றோரத்தில் இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில், மயிரளவு கோடாக, ஏதோ நீலம் தெரிந்தது. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். துரு ஏறிய தகரம், அதில் ஒரு கதவு. இந்த ஒட்டின் இரண்டு பக்கத்துத் துண்டிலும் அது இல்லை. இடையில்தான் இருந்தது.

பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பசித்தவனுக்கு அடுத்த வீட்டுச் சமையல் வாசனை வந்தது போல.

அவள் மற்ற வேலையை முடித்தாள். எல்லா அழுகிற முகங்களையும் எடுத்தாள், பட்டன்களை எடுத்தாள், பெயரைப் போட்டாள். நடக்கிறவனை விட்டுவிட்டாள்.

"போ" என்றாள் திரையைப் பார்த்து, உதடு அசையாமல். "போடா தம்பி."

மிஷின் ஓடத் தொடங்கியபோது முகாம்பி படி இறங்கி வந்தார். குடையை உதறிச் சுவரில் சாய்த்தார். மிஷின் இடமும் வலமுமாக இழுத்து இழுத்து, விரல் அகலம் விரல் அகலமாக ஊரைத் துப்பிக்கொண்டிருந்தது. முதலில் வானம், பிறகு பெயர், பிறகு மேட்டின் உச்சி, சிவப்புக் கூரை. மை இன்னும் காயவில்லை.

"பாத்தியா ஓடெரா, ராஜா வீடு மாதிரி இல்ல?"

"ராஜாவே வாடகைக்குக் கேப்பாரு பாஸ்."

"வந்தாலும் அட்வான்ஸ் கட்டித்தான் ஆகணும்." அவர் குனிந்தார். முகம் பேனரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். "இது என்ன? தங்கச்சி, ஆளை எடுக்கச் சொன்னேன்ல? வீட்டைச் சுத்தி நிக்கறானுங்களே. எல்லாம் ஒரே மூஞ்சி."

நெகேசா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள்.

"கேனோட நிக்கறானுங்க. யாரு இவனுங்க? ஜன்னல்லயும் ஒருத்தன்..."

கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம். மிஷின் நின்றுபோய் அதன் உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்து டிக் டிக் என்றது. பிறகு ஈரத் துணியில் கை அழுந்துகிற சத்தம். வழுக்குகிற சத்தம். ஒரு மூச்சு, பாதியில் நின்ற மூச்சு. அதற்கப்புறம் மண் வாசனை. மழை மண் இல்லை. காய்ந்த மண், இடித்த மண், துருவோடு கலந்த புழுதி. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் அது அவள் தலைமுடியில் இருந்தது.

"ஜெனரேட்டர் போட்டுட்டு வர்றேன். அசையாம இருங்க ரெண்டு பேரும்" என்றான் ஓடெரா. அவன் தடவித் தடவிப் பின்கதவு வழியாகப் போவது கேட்டது.

அவள் அசையவில்லை. மேசையில் முகாம்பியின் போன் தானாக ஒளிர்ந்தது.

விளையாட்டு திறந்திருந்தது. மேடு. சிவப்புக் கூரை. வீட்டைச் சுற்றி மஞ்சள் கேன்கள் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவன். எல்லோரும் முதுகைக் காட்டி, வீட்டையே பார்த்தபடி.

ஜன்னலில் சாம்பல் நிறக் கோட்டு.

அது நகத்தைவிடச் சின்ன உருவம். ஆனாலும் இரண்டு கையாலும் கண்ணாடியை அடிப்பது தெரிந்தது. போனிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் பேனரிலிருந்து வந்தது. ஈரத் துணிக்கு அடியிலிருந்து, மெல்ல, டப், டப், டப்.

வீட்டின் மேல் ஓர் அழுகிற முகம் முளைத்தது. அதற்குக் கீழே மஞ்சள் புல்டோசர் படம்.

அவள் விரல் அதைத் தொட்டதா, அது விரலுக்குக் கீழே வந்து நின்றதா, தெரியவில்லை. திரையில் எழுத்து வந்தது.

இந்தக் கட்டடத்தை இடிக்கவா?

டப், டப், டப். இப்போது வேகமாக.

தூக்கிப் போட்டுவிட்டு ஓடலாம். படி நாலுதான். ஓடெராவைக் கூப்பிடலாம். வாயைத் திறந்தாள், தொண்டையில் புழுதி. குட்டி மனிதர்களில் ஒருவன், ஒரே ஒருவன், திரும்பி அவளைப் பார்த்தான். தூக்கத்தில் எழுப்பினால் பார்ப்பானே, அதே பார்வை.

பின்பக்கம் ஜெனரேட்டர் இருமியது. விளக்கு எரிந்தது. சுவரில் குடை சாய்ந்தபடியே இருந்தது, அதன் நுனியில் இன்னும் தண்ணீர் சொட்டியது. பேனருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பின்கதவிலிருந்து ஓடெராவின் குரல் வந்தது. "நெகேசா! முகாம்பி உள்ள இருக்காரா?"

டப்.

"இல்லண்ணே" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உள்ள யாரும் இல்ல."

அழுத்தினாள்.

திரையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புழுதிப் பந்து எழுந்து அடங்கியது. பேனருக்கு அடியில் எதுவோ ஒரே ஒரு தடவை முறிந்தது. பிறகு சத்தம் இல்லை.

மிஷின் தானாக ஓடத் தொடங்கியது.

இடமும் வலமும் இழுத்தது. மேடு வந்தது, மேட்டில் வீடு இல்லை. தெருக்கள் வந்தன, தெருவில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம், பாலம், ஆறு. படம் அங்கே முடிய வேண்டும். அவளுக்குத் தெரியும், அவள்தான் ஒட்டினாள். மிஷின் நிற்கவில்லை. தகரம் வந்தது. இன்னும் தகரம். ஒவ்வோர் ஆணியும் தெரிகிற அளவில், நிஜ அளவில், துருவோடு. அப்புறம் நீலம். இழுக்க இழுக்க நீலம். துணி மடிந்து தரையில் இறங்கி, அவள் காலடி வரைக்கும் வந்து விரிந்தது.

ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு கதவு. பக்கத்தில் மஞ்சள் கேன், கைப்பிடியில் சிவப்புத் துணி.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. இடுக்கில் நான்கு விரல்கள், நகமெல்லாம் மண், அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டின் கைநுனி. மை ஈரத்தில் விரல்கள் மின்னின. ஒன்று அசைந்தது.

உள்ளேயிருந்து யாரோ, தூங்கப் போகிறவன் சாத்துவது போல, கதவை மெதுவாகச் சாத்தத் தொடங்கினார்கள். விரல்கள் இடுக்கிலேயே இருந்தன.