வெளுத்த முட்டைகள்

மீன் ஜோடி இலையை விட்டுவிட்டுத் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவள் உற்றுப் பார்த்தாள். ஏஞ்சல் மீன்களின் காதல் அவளுக்கு அத்துப்படி. உதட்டோடு உதடு கவ்வி இழுத்துக்கொள்ளும், பிறகு அகலமான இலை ஒன்றைப் பிடித்து, முட்டையிடுவதற்காக வாயாலேயே துடைத்து வைக்கும். இன்று இலை சும்மா கிடந்தது. இரண்டும் துடைத்தது அவள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை, சரியாக அவள் வயிற்று உயரத்தில். அவளுக்கு ஏழாம் மாதம்.

ஆறு வருடம் ஏங்கி ஏங்கித் தங்கிய பிள்ளை. கணவன் லாரியோடு கிளம்பினால் திரும்பப் பத்து நாளாகும். துணைக்கு இருக்கட்டுமென்று அவன் வாங்கிக் கொடுத்த மீன்கள் இவை. பெற்றவையே முட்டையைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று முறை முட்டை ஒட்டிய இலையை நறுக்கியெடுத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மருந்து கலந்த பாட்டிலில் காப்பாற்றப் பார்த்தாள். மூன்று முறையும் எல்லாம் வெளுத்துப் போயின.

“ஏன்க்கா பிரிச்சீங்க?” என்று மீன்கடைக்காரர் போனில் சலித்துக்கொண்டார். “உயிருள்ள முட்டைன்னா ராத்திரி பகல்னு பாக்காம விசிறிக்கிட்டே காவல் நிக்கும். செத்து வெளுத்ததைத்தான் கொத்தித் திங்கும். எது செத்துச்சுன்னு நமக்கு முன்னாடி அதுங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

மறுநாள் இரண்டும் விசிறத் தொடங்கின. முட்டையே இல்லாத கண்ணாடிக்கு நேராக, ஒன்று மாற்றி ஒன்று, பக்கத் துடுப்புகளால். அவள் நாற்காலியைத் தொட்டியின் மறுபக்கம் போட்டாள். அங்கேயும் வந்து விசிறின. கையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“உங்க பிள்ளைக்கு ரெண்டு ஆயா கிடைச்சாச்சு,” என்றாள் கணவனிடம் போனில், சிரித்த மாதிரி.

“அப்போ நான் லாரியிலேயே இருந்துக்கறேன். வீட்ல எனக்கு என்ன வேலை?” என்றான்.

பயம் விடவில்லை. ஆனால் மீன்கள் விசிறும்போதெல்லாம் பிள்ளை உதைத்தது. ஒன்பது நாளில் அதுவே அவளுக்கு ஆறுதலாகிப் போனது.

பத்தாம் நாள் மதியம், வெயிலில் தெரு ஆளரவமற்றுக் கிடக்க, தொட்டியின் காற்று மோட்டார் போடும் கிர்ரென்ற சத்தமும் பாசி வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் கலந்து அறையை நிறைத்திருக்க, பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ நின்றுபோனது போலிருந்தது. நிமிர்ந்தாள். மோட்டார் ஓடியது. துடுப்புகள் அசையவில்லை.

இரண்டும் அவளையே பார்த்தன.

வயிற்றில் கை வைத்தாள். “செல்லம், எழுந்திருடா.” கடைசியாக எப்போது உதைத்தது? காலையிலா? நேற்றா? குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை. கணவனின் போன் கிடைக்கவில்லை.

டிக்.

பெண் மீன் கண்ணாடியைக் கொத்தியது. டிக். பிறகு ஆண் மீன். வெளுத்த முட்டையைப் பொறுக்கும் கொத்து. கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

“இல்ல. இல்ல, வேணாம்.”

கையில் கிடைத்த துணியைத் தொட்டியின் மேல் போட்டாள். சத்தம் அடங்கியது. சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் வயிற்றில் பொத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அசைந்தது.

“அசைஞ்சிட்டே! என் தங்கமே!” அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மறுபடியும் அசைந்தது. உதை இல்லை. சின்னதாக, உதடு கவ்வுவது போல. இடது கைக்கு அடியில் ஒன்று. வலது கைக்கு அடியில் ஒன்று.

துணியை இழுத்தாள். தொட்டியில் தண்ணீர் மட்டும் குமிழிட்டுக்கொண்டிருந்தது.

வயிற்றுக்குள்ளே, ஒன்று மாற்றி ஒன்று, நிதானமாகக் கொத்தின.