ஏழாவது பாட்டின் டிரம்ஸ்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏழாவது பாட்டு திரும்பி வந்தது. மும்பை இசைக் கம்பெனிக்காரர் வாட்ஸப்பில் மராத்தியில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். டிரம்ஸைக் கேட்டால் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சரியான பாட்டு வராவிட்டால் கணபதி ஆல்பம் முழுவதும் வேறு ஸ்டுடியோவுக்குப் போகும்.

ஒரு மணி நேரத்தில் ஸ்டுடியோ உரிமையாளர் ஜெகதீசன் தன் உதவியாளன் அருண்ராஜிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவனை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். இரண்டு மணிக்கு அவர் மனைவி சியாமளா, பள்ளித் தோழி பாத்திமாவுக்குப் போன் செய்தார்.

பாத்திமா ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. இரும்புத் தகட்டை அழுத்தி வடிக்கும் பிரஸ் ஷாப்பில் யாருக்காவது அடிபட்டால், ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்த வேலையில் ஒரு பழக்கம் படிந்திருந்தது. புதிதாக என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்கமாக நடப்பது எது நடக்காமல் போனது என்று பாத்திமா கேட்பார்.

போபோடியில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது ஸ்டுடியோ. ஜெகதீசன் இளவயதில் பகலில் இரும்பை அடித்து வடிக்கும் ஃபோர்ஜிங் பட்டறையிலும் இரவில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவின் டிரம்ஸுக்குப் பின்னாலும் இருந்தவர். அந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது இந்த ஒரே அறை.

"வா பாத்தி. நீ பேசினா கேப்பாரு. என் பேச்சு இவருக்கு ஏறாது," என்றார் சியாமளா.

"இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுறா. எப்படி ஏறும்?" என்றார் ஜெகதீசன்.

"என்ன நடந்துச்சுண்ணே?"

"அருண் வேலையைக் காட்டிட்டான்."

"எப்படித் தெரியும்?"

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். டிரம்ஸின் ஒவ்வொரு தடத்திலும் ஒலியைத் திருத்தும் இரண்டு பிளக்-இன்கள். ஒன்று டிரான்சியண்ட்: குச்சி தோலில் விழும் அந்த முதல் வெட்டைக் கூர்மையாக்கும், அல்லது மழுக்கும். இன்னொன்று ஈக்வலைசர்: ஒலியில் கனமான பகுதியையும் கீச்சென்ற பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும். திரையில் அது ஒரு கோடு. கூட்டிய இடத்தில் குன்று, குறைத்த இடத்தில் பள்ளம்.

"வெள்ளிக்கிழமை நான் முடிச்சு வைப்பேன். சனிக்கிழமை அவன் ஹிஞ்சேவாடிலேர்ந்து வந்து கம்பெனிக்கு அனுப்புவான். அனுப்புறது மட்டும்தான் அவன் வேலை. இன்னிக்குப் பழைய ஃபைலெல்லாம் திறந்து பார்த்தா, ஆறு பாட்டுலயும் எனக்கு அப்புறம் கை வச்சிருக்கான். டிரம்ஸ்ல மட்டும்."

"அந்த ஆறும் எப்படி இருந்துச்சு?"

"மழுங்கிப் போச்சு. தலகாணியை அடிச்ச மாதிரி."

"கம்பெனி என்ன சொன்னாங்க?"

"பிரமாதம்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்."

"ஏழாவதுலயும் கை வச்சிருக்கானா?"

"அதுல தடயத்தை அழிச்சிட்டான்."

"போன சனிக்கிழமை வந்தானா?"

"வரல. ஆபீஸ்ல ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம். நானே அனுப்பினேன். அதனால என்ன? கம்ப்யூட்டர் பசங்க, வீட்டுலேர்ந்தே உள்ள நுழைவானுங்க."

"இதுல அவனுக்கு என்ன லாபம்?"

"ரெண்டு மாசம் முன்னாடி அந்தக் கம்பெனி அவனைத் தனியா கூப்பிட்டு வேலை தர்றோம்னு பேசியிருக்கு. என்கிட்ட மூச்சு விடல."

அப்போது மின்சாரம் போனது. விசிறி நின்றதை ஜெகதீசன் அண்ணாந்து பார்த்தார். மேஜைக்கடியில் யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த, அதை நிறுத்தச் சியாமளா குனிந்தார்.

"கீழ என்ன தேடுற?" என்றார் ஜெகதீசன்.

மின்சாரம் வந்ததும் பாத்திமா ஏழாவது பாட்டைப் போடச் சொன்னார். ஜெகதீசன் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டார். சியாமளா வீட்டில் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார்.

"இதுதான் நான் போட்டது. இங்க சரியா இருக்கு. அங்க போனது வேற."

கம்பெனி திருப்பி அனுப்பியதையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் பாத்திமா ஒப்பிட்டார். இரண்டும் ஒரே பாட்டு, துளி வித்தியாசமில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. ஈக்வலைசர் கோட்டைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகே, கீச்சென்ற பகுதியில், ஒரு குன்று. எல்லா டிரம்மிலும், சிம்பலிலும், ஜெகதீசன் வெள்ளிக்கிழமைகளில் முடித்துவைத்த ஏழு பாட்டின் ஃபைலிலும் ஒரே இடத்தில். ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"இந்தக் குன்று ஏன் இங்கயே இருக்கு?"

"அங்கதாங்க குச்சியோட உயிரு."

மாலை ஆறு மணி. ஹிஞ்சேவாடியில், தான் தங்கியிருந்த விடுதிக்கு எதிர் டீக்கடையில் அருண்ராஜ் நின்றிருந்தான். கோயம்புத்தூர்க்காரன். பாத்திமா நேராகக் கேட்டார்.

"டிரம்ஸை மாத்தினது நீதானா?"

"ஆமாங்க்கா."

"ஆறு பாட்டுலயும்?"

"ஆமாங்க."

"ஏழாவதுல?"

அவன் டீயைப் பார்த்தான். "அதுவும் நான்தான்னு வச்சுக்குங்க."

"அதை யாரும் தொடல. நான் பார்த்துட்டேன். கம்பெனி கூப்பிட்டப்ப நீ ஏன் போகல?"

"நான் போயிட்டா அண்ணாவோட டிரம்ஸை யாருங்க..." நிறுத்திக்கொண்டான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருசமாங்க. இதுக்கு முந்துன ஆல்பத்துலயுந்தானுங்க. அவருகிட்டச் சொல்லிராதீங்க்கா. என்னைத் திருட்டுப்பயன்னு சொன்னாப் பரவால்லீங்க, எனக்கு இன்னொரு வேலை இருக்குது. அவருக்கு இது மட்டுந்தானுங்க."

"நீ மூடி மறைக்க மறைக்க, அவர் சத்தத்தை ஏத்திக்கிட்டே போறார் தம்பி. மிச்சம் இருக்கறதும் போயிடும்."

அருண்ராஜ் கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான்கு பேரும் ஸ்டுடியோவில் இருந்தார்கள். ஜெகதீசன் அருண்ராஜின் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லுங்க. அவன்தானே?"

"டிரம்ஸ்ல கை வச்சது அருண்தான்," என்றார் பாத்திமா. "ஆறு பாட்டுல வச்சான். ஆறும் பாஸ். அவன் வர முடியாத வாரம் போன பாட்டு ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு. அண்ணே, இந்தப் பாட்டை யாரும் கெடுக்கல. வாராவாரம் சரிபண்ணின ஆளு அன்னிக்கு வரல, அவ்வளவுதான்."

"எதைச் சரிபண்ணினான்? என் டிரம்ஸுக்கு என்ன?"

பாத்திமா ஒரு தாளை எடுத்துப் பேனாவால் கோடு இழுத்தார். நேராகப் போன கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது.

"எங்க பிரஸ் ஷாப்ல வருஷாவருஷம் காது டெஸ்ட். பல வருஷம் சத்தத்துல நின்னவங்களுக்கு ரிசல்ட் இப்படித்தான் வரும். மத்ததெல்லாம் கேக்கும். நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் பள்ளம்." தாளைத் தலைகீழாகத் திருப்பித் திரையின் அருகே பிடித்தார். ஈக்வலைசரின் குன்றும் அதுவும் ஒன்றுபோல் இருந்தன. "உங்களுக்குக் கேக்காத அளவை நீங்க டிரம்ஸ்ல ஏத்தியிருக்கீங்க. உங்களுக்குச் சரியா இருக்கு. மத்தவங்களுக்குக் குத்துது."

"யாரு சொன்னது எனக்குக் கேக்கலன்னு?"

"நேத்து யூபிஎஸ் கத்துச்சு. கீழ என்ன தேடுறன்னு சியாமளாவைக் கேட்டீங்க. அவ வாய்க்குள்ள பேசல அண்ணே. ச, த, க எல்லாம் உங்களுக்குத் தேஞ்சு கேக்குது."

ஜெகதீசன் சியாமளாவைப் பார்த்தார். சியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு மருந்து உண்டா?"

"போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும். ஸ்பீக்கர் சத்தத்தை இன்னிக்கே குறைக்கணும்."

ஜெகதீசன் கடைசியில் அருண்ராஜின் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, நேத்து அவ்வளவு பேசினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்ணா சொல்றது?"

"உக்காரு," என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒலியைத் தாழ்த்தி ஏழாவது பாட்டை ஓடவிட்டார். அருண்ராஜ் மவுஸை நோக்கிக் கை நீட்டினான். ஜெகதீசன் அந்தக் கையை மெல்ல விலக்கினார். தானே குன்றின் உச்சியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"போதுமா?"

"இன்னுங் கொஞ்சங்ணா."

இன்னும் இழுத்தார். அவர் காதில் குச்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு கட்டத்தில் சிம்பல் இருந்த இடமே தெரியவில்லை. விரல் நின்றது.

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்."

இழுத்தார். டிரான்சியண்டின் கூர்மையையும் பாதியாக்கினார். அவருக்குக் கேட்டது தூரத்தில் எங்கோ தலையணை அடிக்கும் ஓசை.

"இப்ப எப்படிடா இருக்கு?"

அருண்ராஜ் பாட்டு முடியும் வரை கேட்டான்.

"நல்லா இருக்குங்ணா. நீங்க மேடையில வாசிச்சா எப்படி இருக்குமோ, அப்படி இருக்குதுங்க."

ஜெகதீசன் தலையாட்டினார். மறுபடி போட்டுக் கேட்கவில்லை.

"அனுப்பிடு," என்றார்.