மோதிரத்தில் சிக்கிய இழை

'வாயே, கொஞ்சம் சும்மா இரு. சித்திக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதை யாரிடமும் உளறிவிடாதே.'

தன் வாயிடம் இப்படி மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நூல் நூற்கும் தக்களியைச் சுழற்றினாள் பஞ்சு. தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

நூற்கும் அறை ஆற்றை ஒட்டி இருந்தது. விடியும் முன்பே ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள். பனிமூட்டம் மெல்ல உள்ளே வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் ஈரம் இருந்தால்தான் அந்த மெல்லிய நூல் அறாமல் வரும். வெயில் ஏறினால் வேலை நின்றுவிடும். பிறகு பொழுது சாயும் நேரத்தில்தான்.

அந்த அறையில் நூற்கும்போது பேசக் கூடாது. மூச்சு வேகமாகப் பட்டாலே இழை அறுந்துவிடும். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். இந்த விதியைப் போட்டவர் தரகர். துணியை வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறவர் அவர்தான்.

சித்தியோ பேசாமலே சிரிக்க வைப்பாள். தரகர் நடப்பதுபோலத் தோளை உயர்த்திக் காட்டுவாள். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நூற்பார்கள்.

ஆனால் கொஞ்ச நாளாக, சித்தி தக்களியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு நாள் அவள் நூலில் சின்னதாக ஒரு கட்டி விழுந்தது. சித்தி கவனிக்கவில்லை. பஞ்சு கவனித்தாள். சொன்னால் சித்தியின் முகம் வாடிவிடுமே என்று சும்மா இருந்துவிட்டாள்.

அந்த நூல் அம்மாவின் தறிக்குப் போயிருக்கும்.

வெயில் ஏறியதும் தரகர் வந்தார். அம்மா நெய்து முடித்திருந்த துணியை உள்ளங்கையில் விரித்தார். துணிக்கு அடியில் அவருடைய கைரேகை தெரிந்தது.

"ஆகா! துணியா, பனிமூட்டமா?" என்றார். "தூர தேசத்துல இதுக்கு மஸ்லின்னு பேர். போற வழியில ஒரு பெரிய சந்தை ஊர் இருக்காம். அங்க வாங்கினவங்க அந்த ஊர் பேரையே துணிக்கும் வெச்சுட்டாங்களாம்."

"நல்லா இருக்கே! நூத்தது நாங்க, நெசவு பண்ணது எங்கக்கா, பேரு மட்டும் சந்தைக்கா?" என்றாள் சித்தி. "யாரு நூத்தாங்கன்னு அங்க கேக்க மாட்டாங்களா தரகரே?"

"கேக்கறதே இல்லம்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல." சிரித்தபடியே அவர் தன் மோதிரத்தைக் கழற்றினார்.

முழுத் துணியும் மோதிரத்துக்குள் தடையில்லாமல் போனால்தான் அவர் வாங்குவார்.

துணியின் நுனியைத் திருகி மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்தார். துணி வழுக்கிக்கொண்டு வந்தது. வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"மாட்டிக்கிச்சு." தரகரின் சிரிப்பும் நின்றுவிட்டது. "எங்கேயோ ஒரு இழை தடிச்சிருக்கு. யார் நூத்தது?"

"எல்லார் நூலும் கலந்துதானே ஐயா தறிக்கு வருது?" என்றாள் அம்மா.

"நாளைக்குக் கப்பல் கிளம்புது. சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள துணி சரியாகணும். நூத்தது யாருன்னும் எனக்குத் தெரியணும். அவங்க இனிமே கயிறு திரிக்கிற கொட்டகைக்குத்தான்."

கயிற்றுக் கொட்டகை தூரத்தில் இருந்தது. உள்ளே ஒரே தூசி. அங்கே வேலைக்குப் போனவர்கள் யாரும் சிரித்து பஞ்சு பார்த்ததில்லை.

தரகர் போன பிறகு சித்தி அவரைப்போல நடந்து காட்டவில்லை. பஞ்சுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவும் பஞ்சுவும் துணியைக் கட்டிலில் விரித்துத் தேடினார்கள். அவ்வளவு மெல்லிய துணியில் எதைப் பார்ப்பது? பார்க்கப் பார்க்க எல்லா இழையும் ஒன்றுபோலவே இருந்தது.

"கண்ணு பூத்துப் போச்சுடி," என்று அம்மா கண்ணைக் கசக்கினாள்.

அப்போது பஞ்சுவின் கை தன் தலைமுடிக்குப் போனது. தினமும் சித்திதான் அவளுக்குத் தலை வாருவாள். அம்மாவோடு வாயடித்துக்கொண்டே, முடியைப் பார்க்காமலே, ஒட்டியிருக்கும் பஞ்சையெல்லாம் எடுத்துவிடுவாள்.

"சித்தி, என் தலையில பஞ்சு எடுப்பீங்களே, அந்த மாதிரி இதையும் தடவிப் பாருங்களேன்! கண்ணை மூடிக்குங்க."

சித்தி அவளை உற்றுப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன தெரியுமா? யாருக்கு?" என்றாள் அம்மா.

"பக்கத்துல இருக்கறது எதுவும் எனக்குத் தெளிவாத் தெரியலக்கா. தூரத்துல வர்ற தரகர் மூக்கு மட்டும் நல்லாத் தெரியுது." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அது என் நூலாத்தான் இருக்கும்."

அம்மா தங்கையின் கையைப் பிடித்துத் துணியின் மேல் வைத்தாள்.

சித்தி கண்ணை மூடினாள். விரல்கள் மெல்ல நகர்ந்தன. ஒரு முறை நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தன.

"இங்க."

பஞ்சு குனிந்து பார்த்தாள். மூக்கு துணியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்த பிறகுதான் தெரிந்தது. துணியின் குறுக்கே ஓடும் ஓர் இழையில், அன்று பார்த்த அதே கட்டி.

"கண்டுபிடிச்சு என்ன பண்றது? இழையை உருவினா கோடு மாதிரி இடைவெளி விழுந்துடும்," என்றாள் அம்மா.

பஞ்சு யோசித்தாள். பாவாடை நாடா பழசானால் அம்மா என்ன செய்வாள்? பழைய நாடாவின் நுனியில் புது நாடாவைக் கட்டி இழுப்பாள். பழசு வெளியே வரும்போது புதுசு உள்ளே போய்விடும்.

"அம்மா! நாடா மாத்தற மாதிரி மாத்திடலாம்!"

"முடிச்சு மாட்டிக்குமேடி."

"முடிச்சு வேண்டாம். எச்சில் தொட்டு முறுக்கி விடறேன்."

துணியில் போட்டிருந்த கஞ்சி இளகட்டும் என்று அம்மா அந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றினாள். இரண்டு ஓரத்திலும் இழையை நறுக்கினாள். பஞ்சு தான் நூற்ற நூலை அதன் நுனியோடு சேர்த்து முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து இழுத்தாள். முறுக்கு இரண்டு முறை பிரிந்துவிட்டது. மூன்றாம் முறை இழுக்கும்போது அவளுக்குத் தும்மல் வந்தது. சித்தி சட்டென்று அவள் மூக்கைப் பிடித்துவிட்டாள்.

பழைய இழை வெளியே வந்தது. பஞ்சு அதைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தபோது தரகர் நூற்கும் அறைக்கு வந்தார். துணி மோதிரத்துக்குள் நுழைந்து, தண்ணீர்போல மறுபக்கம் வழிந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணுக்குத் தெரியல. என் தங்கச்சி விரலுக்குத் தெரிஞ்சுது," என்றாள் அம்மா.

"அப்படியா! இனிமே கப்பலுக்குப் போற துணி எல்லாத்தையும் இவங்க தடவிப் பார்க்கட்டும். என் மோதிரத்தைவிட இது நல்லா வேலை செய்யுதே."

"அப்ப அந்த மோதிரத்தை இந்த விரலுக்கே போட்டுடுங்களேன்," என்றாள் சித்தி.

தரகர் அவசரமாக மோதிரத்தைத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். பிறகு பஞ்சுவின் பக்கம் திரும்பினார். அவள் விரலில் சுற்றியிருந்த இழையைப் பார்த்துவிட்டார்.

"இதானா அது? உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லு, யார் நூத்தது?"

சித்தியின் சிரிப்பு மறைந்தது. பஞ்சு இழை சுற்றிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"நல்லா நூத்தவங்க பேரை யாரும் கேக்கறதே இல்லன்னு சொன்னீங்களே ஐயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப இந்தப் பேரும் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்ல மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பஞ்சு தன் இடத்தில் உட்கார்ந்து தக்களியை எடுத்தாள். இழை இறங்கத் தொடங்கியது.

தரகர் மறுபடி வாயைத் திறந்தார்.

பஞ்சு உதட்டில் விரலை வைத்து, இழையைக் கண்ணால் காட்டினாள்.

தரகர் வாயை மூடிக்கொண்டார். பிறகு தோளை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.