தோல்மண்டி மண்டபத்தின் பின்சுவர்

காலையில் பின்சுவரில் பூசிய சிமென்ட் பகல் இரண்டு மணிக்கும் காயவில்லை. கத்திரி வெயிலில் சுற்றிலும் கல்லெல்லாம் தோசைக்கல்லாய்க் கொதிக்க, அந்த உள்ளங்கை அகலம் மட்டும் யாரோ நக்கிவிட்டுப் போனதுபோல ஈரமாய்ப் பளபளத்தது.

கான்ட்ராக்டர் சாமிநாதன் விரலால் அழுத்தினார். உள்ளே போனது.

தோல்மண்டிச் சதுக்கத்தின் நடுவில் மூன்று வளைவுகளும் ஒரு பின்சுவரும் தாங்கும் மண்டபம். உள்ளே பழைய கல்தொட்டி. முன்பக்கம் பித்தளைக் குழாய்கள், ஊர்க்காரர்களுக்கு. பின்சுவரில் தலை உயரத்தில் ஒரு துளை, தோல் ஊறவைத்தவர்களுக்கு. நாளை திறப்பு விழா. ‘எல்லோருக்கும் நீர் தந்த சதுக்கம்’ என்று பலகை வைத்தாயிற்று. துளை தெரிந்தால் பலகை பொய்.

நேற்றே சைட் இன்ஜினியர் ஃபீபி சண்டை போட்டாள்.

"மூடாதீங்க சார். எங்க ஆளுங்க கையேந்தி நின்ன எடம். உள்ள இருந்து ஒருத்தன் ஊத்துவான். கல்லுல கை படக் கூடாது."

"அதுக்கு இன்னா இப்போ? டூரிஸ்ட்டு வந்து அந்தப் பொந்தையா போட்டோ எடுப்பான்?"

"பூசிட்டா இல்லன்னு ஆய்டுமா?"

அவளை அப்போதே வேலையை விட்டுத் துரத்தினார்.

கரணையை எடுத்து மறுபடி பூசினார். கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. சதுக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத்தோலின் வாடை மெல்ல எழுந்தது. காற்றிலிருந்து இல்லை. சுவருக்குள்ளிருந்து.

தொண்டை ஒட்டிக்கொண்டது. முன்பக்கம் போய்க் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. கையை நீட்டினார். நின்றது. எடுத்தார். கொட்டியது. நீட்டினார்.

நின்றது.

மண்டபத்துக்குள் பார்த்தார். யாரும் இல்லை.

பின்னால் சொட்டும் சத்தம்.

ஓடினார். பூச்சு விழுந்து கிடந்தது. துளை திறந்திருந்தது. தாகம். வேறெதுவும் நினைவில் இல்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

விழுந்தது. வெள்ளையாக, சுண்ணாம்பு நீர். எரிந்தது.

குடித்தார். தாகம் கூடியது. கையை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

"போதும்..."

நிற்கவில்லை. உள்ளங்கைத் தோல் மயிர் கழித்த ஆட்டுத்தோலாய் வெளுத்தது. உப்பியது. மணிக்கட்டிலிருந்து கழன்று தொங்கியது.

ஆளில்லாத மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு குரல், அவசரமே இல்லாமல்:

"இன்னும் தூக்கு. கல்லுல படக் கூடாது."

தூக்கினார்.