தெரு தேடும் நாள்

புழுதிப்புயல் ஓய்ந்த மறுநாள் காலையில், வீட்டுக்கு ஒருவர் வெளியே போய்த் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது செந்தரையில் சட்டம். செவ்வாய்க் கோளின் அந்தக் குடியிருப்பில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. புயல் அடித்தால் கதவுகளும் காற்றுக்குழாய்களும் வால்வுகளும் மண்ணுக்குள் போய்விடும். பூமியில் வாசலைப் பெருக்குவார்கள். இங்கே வாசலையே தோண்டி எடுப்பார்கள்.

அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உலோகங்காணி உண்டு. நீண்ட கைப்பிடி, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வளையம். வளையத்திலிருந்து கிளம்பும் காந்த அலைக்கு மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் பதில் சொன்னால், தலைக்கவசத்துக்குள் 'பீப்' என்று கேட்கும். கேட்டதும் தோண்டிவிட முடியாது. ஒலி எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அந்த இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். அதற்குப் பெயர் புள்ளிகுறித்தல். அதில் தேறியவருக்கே தனியாகத் தேடும் உரிமம்.

பல் மருத்துவர் மரகதவல்லி அந்தத் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தாள்.

வீட்டில் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் சட்டம் சொன்னது. ஆனால் பயிர்க்கூடத்தில் கத்தரிக்காய் வளர்க்கும் அவள் கணவன் தணிகைவேலுக்குப் புயல் முடிந்த அன்றெல்லாம் முதுகு பிடித்துக்கொள்ளும்.

"குனிய முடியல மரகதம்."

"தோண்டத்தான் குனியணும். தேடறதுக்கு எதுக்குக் குனியணும்?"

"தேடினா கிடைச்சிடுமே. கிடைச்சா தோண்டணுமே."

இதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. விண்ணுடையை மாட்டிக்கொண்டு, உலோகங்காணியோடு மண்வெட்டியையும் கடப்பாறையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் அவளுடைய பயிற்சி ரோபோ காத்திருந்தது. அதன் பெயர் நெறியாளன். பாடப்புத்தகத் தமிழைத் தவிர வேறு எதுவும் அதற்கு வராது.

"பயிற்சி பெறுபவரே, வளையத்தைத் தரைக்கு இணையாகப் பிடிக்கவும். மெதுவாக வீசவும்."

வீசினாள். பீப்.

"இலக்கு கிடைத்ததா?"

"கிடைச்சது. நீங்கதான்."

நெறியாளன் தலை முதல் கால் வரை எஃகு. ஆனால் பயிற்சி பெறுபவரை விட்டு இரண்டடிக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

"விதி அனுமதிக்கவில்லை. நீங்கள் வளையத்தை என் பக்கம் வீசாமல் இருக்கலாம்."

"நான் எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கமே வந்து நிக்கறீங்களே!"

"உங்கள் கைக்கோணத்தைக் கவனிப்பதற்காக."

போதாக்குறைக்குச் செவ்வாயின் மண்ணே இரும்புத்துரு. முதலில் வளையத்தை ஏற்றி இறக்கி, மண்ணின் இரைச்சலைக் கண்டுகொள்ளாதபடி கருவியைப் பழக்க வேண்டும். மரகதவல்லி பழக்கி முடிப்பதற்குள் நெறியாளன் ஓரடி நகர்ந்து வந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

அப்போது தலைக்கவசத்துக்குள் ஒரு குரல் அலறியது.

"டாக்டரம்மா! நைனா முகமது பேசறேன், தண்ணி நிலையத்துலேர்ந்து. கிழக்குத் தெருவுலயா இருக்கீங்க?"

"கிழக்கு தெரியுது. தெருவைத்தான் இன்னும் காணோம்."

"விளையாடாதீங்கம்மா. மெயின் குழாய் உடைஞ்சிருக்கு. தண்ணி அப்படியே மண்ணுக்குள்ள போகுது. தானியங்கி வால்வு செத்துப்போச்சு. கையால மூடற வால்வு ஒண்ணு உங்க பக்கத்துலதான் புதைஞ்சிருக்கு."

"நான் உரிமம் வாங்காதவ நைனா. தேர்ச்சி பெத்தவங்கள அனுப்புங்க."

"அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக் கதவைத் தோண்டிக்கிட்டு இருக்காங்க. பிள்ளைங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. அவங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரல."

தண்ணீர் நிலையத்துத் தொட்டியில் இருந்தது துருவப் பனியை அரை வருஷமாக உருக்கிச் சேர்த்த தண்ணீர். அது போனால் கிழக்குப் பகுதி முழுவதையும் காலி செய்ய வேண்டியதுதான். மருத்துவமனையில் நேற்றுப் பிறந்த குழந்தை உட்பட.

அவசரத்தில் மரகதவல்லி வளையத்தைத் துடைப்பம் போல வீசினாள். எங்கு பார்த்தாலும் பீப். சத்தம் பலமாகக் கேட்ட இடத்தில் வெறி பிடித்தவள் போலத் தோண்டினாள். பழைய இறங்குகலத்தின் உடைந்த கால் ஒன்று வந்தது. இன்னோர் இடத்தில் தோண்டினாள். யாரோ தொலைத்த கரண்டி.

"வேகமாக வீசுவது மூன்றாம் பாடத்துக்கு முரணானது," என்றது நெறியாளன். பீப்.

"ஐயா, உங்க கால்ல விழறேன், அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"பயிற்சி பெறுபவரை விட்டு நான் விலக..."

"பயிற்சியை விட்டுட்டேன்! இந்த நிமிஷத்துலேர்ந்து நான் உங்க மாணவி இல்ல. போதுமா?"

நெறியாளன் இதைச் சற்று நேரம் ஆராய்ந்தது. பிறகு, "உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனது.

காதுக்குள் அமைதி. மூன்று தேர்வுகளில் ஒருமுறை கூட அவளுக்கு வாய்க்காத அமைதி அது.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். பல் வலியோடு வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கன்னம் முழுவதையும் தடவிக் காட்டுவார். அவர் காட்டிய இடத்தில் பிடுங்கினால் நல்ல பல்தான் போகும். மெல்ல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டுவது எவ்வளவு மென்மையோ அவ்வளவு துல்லியமாகப் பதில் வரும்.

உலோகத்தை உணரும் கருவியின் கூர்மையைப் பாதியாகக் குறைத்தாள். மண்ணின் முணுமுணுப்பு அடங்கியது. கிழக்கு மேற்காக மெதுவாக வீசினாள். ஓரிடத்தில் ஒலி எழும்பித் தணிந்தது. எழும்பிய இடத்தில் காலால் ஒரு கோடு கிழித்தாள். பிறகு திரும்பி நின்று தெற்கு வடக்காக வீசி இன்னொரு கோடு. கூர்மையை இன்னும் குறைத்தாள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் மட்டும், சின்னதாக, சுத்தமாக ஒரே ஒரு பீப்.

"நைனா, கிடைச்சிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"தோண்டுங்கம்மா, தோண்டுங்க!"

தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. மண்ணை விலக்கிப் பார்த்தால் வால்வு இல்லை. மணலை உருக்கி வார்த்த, பளபளவென்ற புத்தம்புதிய சாலைத்தளம்.

"இங்க ரோடு இருக்கு நைனா!"

"ரோடா? ஓ... புயலுக்கு முந்தின நாள் புதுசா போட்டாங்க."

"வால்வு மேலயா?"

மறுமுனையில் நைனா இருமினார்.

மரகதவல்லி வேறெதுவும் கேட்கவில்லை. கடப்பாறையை எடுத்துத் தளத்தை உடைத்தாள். வாழ்நாளில் யார் மீதும் வராத கோபம் கைகளில் இறங்கியது. அடியில் இரும்பு மூடி. மூடிக்குக் கீழே சக்கரம். முழு எடையையும் போட்டுச் சுற்றினாள். முதலில் அசையவில்லை. பிறகு முனகியபடி சுழன்றது.

"நின்னுடுச்சு! தண்ணி நின்னுடுச்சும்மா! முக்காவாசி தப்பிச்சிடுச்சு!" நைனாவின் குரல் உடைந்தது.

மூடியைப் போட்டுவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போது புழுதிக்குள்ளிருந்து பெரிய இயந்திரம் ஒன்று உருண்டு வந்தது. தளம் பாவும் இயந்திரம். அரசு ஆவணங்களில் 'தளம்பாவி'. மக்கள் பின்பாதியை மட்டும் சொல்லித் திட்டுவார்கள்.

"தளத்தில் சேதம் கண்டேன். சீர்செய்கிறேன். விலகி நிற்கவும்," என்றது.

"நில்லு, நில்லு! இதுக்குக் கீழ வால்வு இருக்கு. மூடி வெளிய தெரியற மாதிரி விட்டுட்டு, சுத்திவரத் தளம் போடு."

"வால்வு நீர்த்துறையுடையது. நான் தளத்துறை."

"நாளைக்குக் குழாயை ரிப்பேர் பண்ண வருவாங்க. மறுபடியும் உடைக்கணுமே?"

"ஆம். முதலில் தளமிடுதல். பிறகு தோண்டுதல். பிறகு மீண்டும் தளமிடுதல். அதுவே முறை."

"எவன் சொன்னான் இந்த முறைய?"

"பூமியில் இருபத்தோராம் நூற்றாண்டு மாநகரங்களின் சாலைப்பணிப் பதிவுகளைப் படித்தே நான் பயிற்சி பெற்றேன். புதிதாகத் தார் போடுவார்கள். அது ஆறுவதற்குள் குடிநீருக்காகத் தோண்டுவார்கள். மூடியதும் மின்கம்பிக்காகத் தோண்டுவார்கள். அதையும் மூடியதும் சாக்கடைக்காக. ஊர்கள் மாறின, ஆட்சிகள் மாறின. இந்த வரிசை மட்டும் மாறவில்லை."

"அது முறை இல்ல! தப்பு! சுத்த முட்டாள்தனம்!"

தளம்பாவி ஒரு கணம் நின்றது. அதன் நினைவகத்தில் ஏதோ தேடுவது போல விளக்குகள் மினுங்கின.

"தவறாக இருந்திருந்தால், அம்மா," என்றது பணிவாக, "அத்தனை ஆண்டுகளில் யாராவது ஒருவர் நிறுத்தியிருப்பாரே?"

மரகதவல்லி பள்ளத்தின் விளிம்பிலிருந்து எழுந்தாள். உருகிய மணல் அவள் காலருகே வழிந்து, இரும்பு மூடியின் மேல் பரவி, மிக நேர்த்தியாக இறுகத் தொடங்கியது.