நண்பகல் வணக்கம்

காற்றே இல்லை. ஆனாலும் கேமராத் திரையில் ரைத் தானியப் பயிர் ஒரே கோடாகச் சாய்ந்திருந்தது, உள்ளே யாரோ நடந்து போனதைப் போல. வீப்கே நிமிர்ந்து பார்த்தாள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கதிர்கள் சாயாமல், அசையாமல் நின்றன.

ஊர் நாட்காட்டிக்கு அவள்தான் படம் எடுப்பவள். மாதத்துக்கு ஒரு பூ, ஒரு பழங்கதை. ஜூலைக்கு, ரைக்குள் பூக்கும் நீலப்பூ. கதை, ரைச்சித்தி: பூப்பறிக்கப் பயிருக்குள் போகிறவர்களை நண்பகலில் பிடித்துக்கொள்பவள்.

சாலையோரக் காரிலிருந்து அக்கா கேசா கத்தினாள். "ஓரத்துலயே அவ்வளவு பூ இருக்கு. உள்ள எதுக்குடி போற?"

"இதெல்லாம் ஒரே தூசி. நீ ரொட்டிய எடுத்து வை, வந்துடறேன்."

"சித்தி உன்னப் புடிச்சுக்கிட்டா கேமரா எனக்குத்தான்!"

"வச்சுக்கோ. உனக்கு மூடியக் கழட்டவே தெரியாது."

டிராக்டர் சக்கரத் தடத்தில் உள்ளே நடந்தாள். வெயிலில் காய்ந்த பயிர்த்தாளின் வாசனை. அதற்கு அடியில், துருப்பிடித்த இரும்பை நனைத்ததுபோல் இன்னொன்று. காதை அடைத்த வெட்டுக்கிளிச் சத்தம், தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியதும் சட்டென்று நின்றது. மண்டியிட்டுப் பூவைக் குறிபார்த்தபோது, தடத்தின் கோடியில் வைக்கோல் நிறப் பாவாடை தெரிந்தது. வயல்காரர் வீட்டுப் பெண்ணாக இருக்கும். பயிரை மிதித்துவிட்ட கூச்சத்தில், முகத்தைக்கூடப் பார்க்காமல் வீப்கே சொன்னாள்:

"மால்ட்சைட்!"

நண்பகலில் யாரைக் கண்டாலும், கழிவறை வாசலில் கண்டாலும், அந்த ஊர்க்காரர் வாயில் தானாக வரும் வணக்கம். சாப்பாட்டு வேளை என்று பொருள். கேட்டவர் அதையே திருப்பிச் சொல்வார்.

பாவாடை நின்ற பக்கம், உதடுகள் மட்டும் பிரிந்து கூடும் சத்தம். புதுச் சொல்லைப் பழகுவதுபோல.

வீப்கே எழுந்து வந்த வழியே திரும்பினாள். தடம் பத்தடியில் முடிந்திருந்தது. எதிரே பயிர், முளைத்த நாளிலிருந்து அங்கேயே நின்றதுபோல் நெருக்கமாக. தோளால் பிளந்து நுழைந்தாள். கதிர்முட்கள் கழுத்தில் கீறின. கார் இந்தப் பக்கம்தானே? வானம் மட்டும் தெரிந்தது. பின்னால் சரசரப்பு. நின்றாள். அதுவும் நின்றது. ஓடினாள்.

அதே நீலப்பூ. மண்டியிட்ட முழங்கால் தடம்.

இரும்பு வாசனை, மிக அருகில்.

தூரத்தில் கார்க்கதவு சாத்தப்பட்டது. "வீப்கே! ரொட்டி காஞ்சு போகுது. எங்கடி இருக்க?"

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வாயை மூடியது. சில்லென்ற கை. காலையிலிருந்து வெயிலில் நின்ற எதுவும் அப்படிக் குளிராது. விரல்களுக்கிடையிலிருந்து உமி உதிர்ந்து நாக்கில் ஒட்டியது.

காதோரம் ஒரு முகம் குனிந்தது. நோய் கண்டு கறுத்த ரைமணிகளாகப் பற்கள். அவை மெல்லப் பிரிந்தன. வீப்கேயின் குரல், அவளுடைய சிரிப்போடு, உரக்க வெளிவந்தது.

"மால்ட்சைட்!"

"மால்ட்சைட், மால்ட்சைட்," என்று அக்கா சிரித்தாள். "இரு, அங்கேயே கொண்டாரேன்."

பயிர் இரண்டாகப் பிரிந்து அகலமான பாதை விட்டது. ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேசா உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், அடிக்கு அடி, கதிர்கள் ஓசையின்றி மூடிக்கொண்டே வந்தன.